ருவான்வெல்லைத் தீர்ப்பும் தொழிலாளியின் பிள்ளையும்

கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்க வேண்டுமெனக் கோடகன்பிள்ளை என்பார் நடத்திய வழக்கு இலங்கை வரலாற்றில் பெயர் பெற்றது. இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கம் தீர்த்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அம்மாற்றத்தை உறுதி செய்தது. சிறுபான்மையோருக்குக் காப்பளித்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு மீறப்பட்டதா என்பதே அங்கு எழுந்த வினா. அதைப் பற்றிச் சட்ட அறிஞர்கள் நிறையவே எழுதிவிட்டனர். அத்தீர்ப்பின் ஓரத்தில் நின்ற தொழிலாளியின் பிள்ளையைப் பற்றி எழுதியோர் குறைவு.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பிள்ளையிடம் முதலில் கேட்டது தந்தையைப் பற்றியே. அவ்வாண்டு நவம்பர் 15க்கு முன் இந்நாட்டிற் பிறந்தவனாயின், அவன் தந்தையும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும். அதன் பின்னர்ப் பிறந்த மகவுக்கோ தந்தை குடிமகனாயிருத்தல் வேண்டும். தாய் எட்டியாந்தோட்டையிற் பிறந்து, அங்கேயே இறப்பர்ப் பால் வெட்டி, அதே லயத்தில் மகவை ஈன்றிருந்தாலும் அவள் பிறப்புக்கு மதிப்பில்லை.

பிரிவி கவுன்சில் நீதிபதிகளுக்கு இது குறையாகத் தோன்றவில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்படி இந்தியத் தமிழர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றுத் தம் சந்ததியைக் காத்துக்கொள்ளலாமே என்று அவர்கள் கருதினர். தீர்ப்பின் மிகப் பலவீனமான இடம் இதுவே என்பது நம் கருத்து. அவ்விண்ணப்பத்துக்குரிய காலம் 1951 ஆகஸ்டு 5ஆம் நாளுடன் முடிந்துவிட்டது. 1953இல் நீதிபதிகள் காட்டிய வாயில் அதுவரை விண்ணப்பியாதவனுக்கு ஏற்கெனவே அடைபட்டிருந்தது!

வாயில் திறந்திருந்த காலத்தில் அதில் நுழைய முயன்றவர் நிலைதான் என்ன? எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காகச் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் பிள்ளைகள் உட்படச் சுமார் 1,34,000 பேர். தந்தை தம் விண்ணப்பத்திலேயே வயது வராத பிள்ளைகளையும் சேர்க்கலாம். ஆகவே தாள் தள்ளப்பட்டால் அவர்களும் சேர்ந்தே தள்ளப்பட்டனர். நீதிபதிகள் மனத்தில் இருந்த தந்தை ஆவணப் பெட்டியும் வழக்கறிஞரும் உடைய ஒரு குடும்பத் தலைவர் போலும். தோட்டத்துத் தந்தையோ விடியுமுன் பிரட்டுக்களத்தில் நிற்பவர். வேலை போனால் லயத்து அறையும் போகும். தம் வீட்டின் மீதே அதிகாரம் இல்லாத அம்மனிதரிடம் சட்டம் பிள்ளையின் நாட்டை ஒப்படைத்தது.

அதே பிள்ளை கூலிக் கணக்கில் தனி ஆள் என்பதையும் நோக்குக. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என மூன்று விகிதங்களுக்கு இடம் தந்தது. பத்து வயது நிரம்பாதோரை வேலைக்கு அமர்த்துவதை மட்டுமே தடுத்தது. பத்து வயதில் உழைக்கத் தனிப் பெயர். குடியுரிமைக்கோ இருபத்தொரு வயது வரை தந்தையின் நிழல்.

பிள்ளை பெற்றோரைச் சார்ந்திருப்பது இயல்பன்றோ என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். உண்மைதான், குடும்பத்தைப் பிரிக்க யாரும் கோரவில்லை. ஆனால் பெற்றோர் அதிகாரம் என்பது பிள்ளையைக் காக்கும் பொருட்டு ஏற்பட்டது. இங்கே அது தந்தையின் இல்லாமையைப் பிள்ளைக்கு மாற்றித் தரும் கருவியாயிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டபோது, இனிப் பிறக்கும் குழந்தைகள் 'இயற்கைப் பெருக்கம்' என்னும் பெயரில் அக்கணக்குடன் சேர்க்கப்பட்டனர். இறக்குவானையிலும் தெரணியகலையிலும் பிறந்த குழந்தைக்கு அரசுகள் இட்ட பெயர் அதுதான்.

வயது வரம்பு 1989இல் பதினெட்டாகக் குறைந்தது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தாய்வழியும் குடியுரிமை செல்லும் என ஏற்றது; அதே ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழி செய்தது. எட்டியாந்தோட்டைத் தாயின் பிறப்பைச் சட்டம் பொருட்படுத்த ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1948இல் அவள் ஈன்ற மகவு அதற்குள் பேரன் பேத்தி கண்டிருக்கும்.