எல்லோருக்கும் சொன்ன புத்தகம்

டிசம்பர் கடைசி வாரத்தில் தொடங்கிப் பொங்கல் வரைக்கும் ஓயாத ஒரு வழக்கம் நம்மிடம் வேர்பிடித்துவிட்டது. அந்த ஆண்டு வாசித்த புத்தகங்களை அடுக்கிவைத்து ஒரு படம். கீழே பத்தோ இருபத்தைந்தோ பெயர்கள். கடைசியில் 'அவசியம் வாசியுங்கள்'. சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் இந்தப் பட்டியல்களைக் கைபேசியில் வைத்துக்கொண்டுதான் அரங்கு அரங்காக அலைகிறார்கள். மைசூரில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் செலுவாம்பா பூங்காவில் கூடுவோம். தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்த கூட்டம். அங்கேயும் உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி, 'இப்ப என்ன வாசிக்கிறீங்க?' என்பதுதான்.

சென்ற ஜனவரியில் ஒரு நண்பர் இந்த வழக்கத்துக்காக வாதாடினார். விமர்சகர்களின் காலம் முடிந்துபோயிற்று, இனிமேல் நண்பன் சொல்கிற புத்தகமே போதும், அதில் குழுச்சண்டை கிடையாது, கணக்குத் தீர்ப்பது கிடையாது, அன்பு மட்டும்தான் உண்டு என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அன்றைக்குப் பதில் கூடிவரவில்லை. பல மாதங்கள் மனத்தில் போட்டு உருட்டியதை இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு முதல் நல்ல புத்தகம் ஒரு நண்பனின் கையிலிருந்துதான் வந்திருக்கும். நூற்றுக்கணக்கான அரங்குகளுக்கு நடுவே திகைத்து நிற்கிறவனுக்குத் தெரிந்தவர் சொன்ன ஒரு பெயர் பெரிய துணை. எஸ்.எல்.பைரப்பாவின் 'பர்வ' பற்றி ஒரு கன்னட நண்பர் சொல்லாமல் போயிருந்தால், பாவண்ணன் அதைப் 'பருவம்' என்று தமிழில் தந்திருப்பதை நான் தேடிப் போயிருக்கவே மாட்டேன். இந்த நன்றியை மறைத்துவிட்டு நான் எதையும் எழுதக் கூடாது.

அன்று நண்பர் தன் கட்சிக்கு எங்கள் ஊர்க் கதையையே சாட்சிக்குக் கூப்பிட்டார்: ஆர்.கே.நாராயணின் கதை. மைசூரில் எழுதப்பட்ட அவருடைய முதல் நாவல் இங்கிலாந்தில் பதிப்பகம் பதிப்பகமாகப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. மனம் வெறுத்துப்போன நாராயண், ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த தன் நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார்: அந்தக் கையெழுத்துப் பிரதியில் ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் ஆற்றில் போட்டுவிடு. பூர்ணா போடவில்லை. கிரகாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 1935இல் 'சுவாமியும் நண்பர்களும்' ஹேமிஷ் ஹாமில்டன் வெளியீடாக வந்தது. 'பார்த்தீர்களா, ஒரு நண்பனின் சிபாரிசு!' என்றார் நண்பர்.

பார்த்தேன். பார்க்கப் பார்க்க அந்தக் கதை அவருடைய கட்சிக்கு எதிராகவே பேசுவது தெரிந்தது. பூர்ணா அந்தப் பிரதியை ஆக்ஸ்போர்டில் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஒரே ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்தார். முப்பது வயது நாவலாசிரியர்; எழுத்தின் நிறைகுறை தெரிந்தவர்; பதிப்பகங்களின் வாசல் தெரிந்தவர். இந்தப் பிரதியை இவர் படிக்க வேண்டும் என்று தீர்மானிக்கப் பூர்ணாவுக்கு இரண்டையும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது: புத்தகத்தையும் தெரியவேண்டும், ஆளையும் தெரியவேண்டும்.

கிரீன் அடுத்துச் செய்ததைப் பாருங்கள். 'அருமை' என்று சொல்லிவிட்டு ஒதுங்கவில்லை. புத்தகத்தின் தலைப்பை மாற்றச் சொன்னார். நாராயணசாமி என்ற நீண்ட பெயரை நாராயண் என்று சுருக்கச் சொன்னார். மொழியில் கைவைத்துத் திருத்தினார். முதல் புத்தகம் விற்கவில்லை. அதோடு கைகழுவிவிட்டாரா? இரண்டாவது நாவல் 1937இல் நெல்சன் வெளியீடாக வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவரும் கிரீன்தான். மூன்றாவது நாவல் 1938இல் மாக்மில்லனில் வந்தது. மூன்று புத்தகங்களுக்கு மூன்று பதிப்பகங்கள். அத்தனை தோல்விக்குப் பிறகும் தான் சொன்ன சொல்லுக்குப் பொறுப்பாக அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். நாராயணும் கிரீனும் நேரில் சந்தித்துக்கொண்டதுகூடப் பல ஆண்டுகள் கழித்துத்தான். யாதவகிரியில் இன்று நினைவில்லமாக நிற்கும் நாராயணின் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்குப் பூர்ணா, கிரீன் இருவரின் நினைவும் வந்துவிடும்.

என் புகார் இதுதான்: நாம் பகிர்கிற பரிந்துரைகளில் வாசகன் இல்லை. அவை யாரையும் பார்த்துச் சொல்லப்படுவதில்லை. 'அவசியம் வாசியுங்கள்' என்றால் யார்? கல்லூரி முதலாண்டு மாணவனா, இருபது வருடம் நாவல் படித்துச் சலித்தவரா, போன மாதம் அப்பாவைப் பறிகொடுத்தவரா? மூவருக்கும் ஒரே புத்தகத்தை ஒரே வார்த்தையில் சொல்கிறோம். மருந்துக்கடைக்காரர் கடைவாசலில் நின்று தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் ஒரே மாத்திரையைக் கொடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். தேவனூரு மகாதேவரின் 'குசுமபாலெ'யை எங்கள் கூட்டத்தில் குறைந்தது ஐந்து பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். 1984இல் வந்த நாவல், சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது, ஆசிரியர் மைசூரிலேயே இருக்கிறார். 'சூப்பர் புக், மிஸ் பண்ணிடாதீங்க.' வாங்கினேன். என்னுடைய கன்னடம் செய்தித்தாள் படிக்கிற கன்னடம். பத்துப் பக்கம் தாண்டவில்லை. மூன்று முறை எடுத்து மூன்று முறையும் வைத்துவிட்டேன். அத்தனை பேர் கொண்டாடும் புத்தகத்தில் நுழைய முடியவில்லையே என்று என்மேலேயே சந்தேகம் வந்தது. பிறகு, நஞ்சன்கூட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவர் போகிறபோக்கில் ஒன்று சொன்னார்: 'சார், அது எங்க ஊர்ப் பேச்சு. கண்ணால படிச்சா புரியாது. வாய்விட்டுப் படிங்க, இல்லைன்னா நான் படிக்கிறேன், கேளுங்க.' அவர் படித்தார். இரவில் விளக்குகள் கூடி ஊர்க்கதை பேசுகிற இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஐந்து நண்பர்கள் கொடுத்த ஐந்து 'சூப்பர்'களும் அந்தப் பையனின் ஒரு வாக்கியத்துக்கு ஈடாகவில்லை. புத்தகத்தின் கதவு எங்கே இருக்கிறது என்று அவர்தான் காட்டினார். அந்த ஐந்து பேருக்கும் அது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருக்கும். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. பெயரைச் சொன்னால் வேலை முடிந்தது என்று நினைத்தார்கள்.

இந்தச் சிக்கல் தமிழுக்குப் புதியதல்ல. விமர்சகர் க.நா.சு.வின் பட்டியல்களைப் பற்றிய பழைய சண்டையை அறியாத இலக்கிய வாசகர் இருக்க முடியாது. நல்ல எழுத்து எது என்று பெயர்களாக அடுக்கிக்கொண்டே போனார். ஏன் என்று விரித்துக்காட்டத் தேவையில்லை, ரசனையுள்ளவனுக்குத் தெரியும் என்பது அவருடைய நிலை. சி.சு.செல்லப்பா அதை ஏற்கவில்லை. படைப்பை வரிவரியாக அலசிக் காட்டினால்தான் சொன்னதற்கு மதிப்பு என்றார். 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழ் அந்தப் பிடிவாதத்தின் விளைநிலம். நான் செல்லப்பாவின் பக்கம். காரணம் சொன்னால் அதை மறுக்கலாம், திருத்தலாம், வளர்க்கலாம். வெறும் பெயரை என்ன செய்வது? ஏற்றுக்கொள்ளலாம் அல்லது கோபித்துக்கொள்ளலாம். க.நா.சு.வின் பட்டியல்களைச் சுற்றி எழுந்ததெல்லாம் பெரும்பாலும் கோபம்தான்; என் பெயர் ஏன் இல்லை, அவர் பெயர் ஏன் இருக்கிறது என்ற கோபம்.

ஆனால் க.நா.சு.வை இன்றைய பட்டியல்காரர்களோடு சேர்த்து எண்ணுவது அநியாயம். 'படித்திருக்கிறீர்களா?' என்று அவர் கேட்டபோது ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு கட்டுரை எழுதிவிட்டுத்தான் கேட்டார். நட் ஹாம்சனைப் படியுங்கள் என்று சொல்லிவிட்டு உட்காரவில்லை. 'நிலவளம்' என்று மொழிபெயர்த்துக் கையில் கொடுத்தார். லாகர்க்விஸ்டை 'அன்பு வழி'யாகக் கொடுத்தார். தான் பரிந்துரைத்ததற்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து உழைத்தவர் அவர். நம் கூட்டத்தில் யார், தான் சொன்ன புத்தகத்துக்காக ஒரு மாலைநேரத்தையாவது செலவழித்திருக்கிறோம்?

நண்பர்கள் கூடி ரசிப்பது என்றால் தமிழில் முதலில் நினைவுக்கு வருவது ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டி. வண்ணார்பேட்டை வீட்டில் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அதை நெடுநேரம் சுவைத்தார்கள். தொண்டைமானும் மகராஜனும் அந்தக் கூடத்திலிருந்து எழுந்தவர்கள். குற்றாலத்துக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கி.ராஜநாராயணன். சேர்ந்து வாசிப்பது என்றால் அதுதான் என்று நானும் நம்புகிறேன். ஆனாலும் அங்கே ஒரு குறை இருந்தது, அதை அவருடைய அன்பர்கள் மென்று விழுங்குவார்கள். தன் செவிக்கு ஒட்டாத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார் டி.கே.சி.; சொற்களை மாற்றவும் செய்தார். நண்பர்கள் சூழ்ந்திருந்த கூடத்தில் அதை எதிர்த்துப் பேசுவது எளிதாக இருந்திருக்காது. அன்பு நிறைந்த இடத்தில் மறுப்பு வாயடைத்துப்போகும். டி.கே.சி.யின் காதுக்கு இருந்த கூர்மை அந்தக் கேட்டைப் பெருமளவு ஈடுகட்டியது. அந்தக் காது இல்லாத நம் கூட்டங்களில் ஈடுகட்ட என்ன இருக்கிறது?

நண்பர் சொன்ன 'அன்பு மட்டும்தான் உண்டு' என்பதில் எனக்குப் பெரிய பயமே இங்கேதான். நண்பன் சொன்ன புத்தகம் பிடிக்கவில்லை என்று நண்பனிடம் சொல்வது எவ்வளவு கடினம்! சில ஆண்டுகளுக்கு முன் எங்களில் ஒருவர் ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டார். அட்டைப்படத்தோடு எல்லோரும் வாழ்த்தினோம், எல்லோரும் எல்லோருக்கும் பரிந்துரைத்தோம். நானும் செய்தேன். இரண்டு வருடம் கழித்துக் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: 'உங்களுக்கு அதுல எந்தக் கவிதை பிடிச்சுது?' எனக்குப் பதில் இல்லை. நான் அதைப் பிரித்தே பார்த்திருக்கவில்லை. பேச்சை மாற்றினேன். அவரும் விட்டுவிட்டார். அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'மூன்றாவது பகுதி முழுக்க வேறொருவர் குரல் மாதிரி இருக்கிறது' என்று சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! அத்தனை பேரின் புகழுக்கு நடுவே அந்த மனிதரைத் தனியாக விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு அவர் கவிதை எழுதவில்லை. இதை அன்பு என்று யாராவது சொன்னால் நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

'இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறேன்' என்பது இன்னும் மோசம். முப்பதாம் பக்கத்தில் இருக்கும்போதே புத்தகத்தைப் புகழ்ந்து சொல்லிவிட்டவர், முந்நூறாம் பக்கத்தில் ஏமாந்தால் என்ன செய்வார்? பலர் முந்நூறுக்குப் போவதே இல்லை. போகிறவர்களும் முன்பே சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொள்வதற்காக ஏமாற்றத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

பெயர்களை அள்ளி வீசும் இந்தப் பழக்கத்துக்கு எதிரே இதே மைசூரில் ஒரு மனிதரை வைத்துப் பார்க்கிறேன். ராஜீவ் நகரில் சையது இசாக் என்ற கூலித் தொழிலாளி, பள்ளிப்படிப்புக்கு வழியில்லாமல் போனவர், தன் சம்பாத்தியத்தில் 2011இல் ஒரு இலவச நூலகம் திறந்தார். பதினோராயிரம் புத்தகங்கள், பெரும்பாலும் கன்னடம். தினசரிகளில் தமிழும் இருந்தது. 2021 ஏப்ரல் 9 அதிகாலையில் தீப்பிடித்ததில் எல்லாம் சாம்பலாயிற்று. நாடு முழுவதிலிருந்தும் உதவி வந்தது. மறுபடி கட்டுவேன் என்று நின்றார். எந்தப் புத்தகம் சிறந்தது என்று அவர் யாருக்கும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. தன் தெருவில் இருக்கிறவர்கள் வாசிக்க வேண்டும் என்று நினைத்தார். நாற்காலி போட்டார், பேப்பர் வாங்கிப் போட்டார். யாருக்காகச் செய்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் தெருவில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு தமிழர் இருக்கிறார். போன மழைக்காலத்தில் படிக்க ஏதாவது கொடுங்கள் என்று வந்தார். பைரப்பாவின் 'ஒரு குடும்பம் சிதைகிறது' தமிழ்ப் பிரதியை எடுத்து நீட்டினேன். வாங்காமல் கேட்டார்: 'இது எதுக்கு சார் எனக்கு?' அந்தக் கேள்விக்கு நின்று யோசிக்க வேண்டியிருந்தது. 'உங்க பாட்டி ப்ளேக் வந்தப்ப ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு இருந்ததைச் சொன்னீங்களே, அது இதுல வருது. ஆனா நடுவுல சாவுக்கு மேல சாவா வரும். மூடி வச்சிரலாம்னு தோணும். அப்படித் தோணுச்சுன்னா வச்சிருங்க' என்றேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார். நான் சொன்னது தப்பு என்றார். அந்தச் சாவுகளை ஒரே மூச்சில் படித்தாராம். அவருக்கு ஒப்பாதது வேறு: கதாநாயகி நஞ்சம்மாவின் புருஷனையும் மாமியாரையும் அப்படி ஒரு நல்ல குணம்கூட இல்லாதவர்களாகவா எழுதுவது? 'எங்க வீட்டுலயும் அப்படி ஒரு மாமா இருந்தார் சார். ஆனா மாடு செத்தா அழுவார்' என்றார். நான் பைரப்பாவுக்காக வாதாடினேன். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து விளக்கு வைக்கும் நேரம் வரை பேசினோம். அடுத்த வாரம் அவர் வந்தபோதும் அந்த மாமாவைப் பற்றித்தான் பேச்சு.