நெளியும் ஸ்டைலும்: ஒரு கூந்தல் வாசிப்பு

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடியிருப்பொன்றில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணப்பெண்ணுக்குப் பிறவியிலேயே நெளிமுடி. கீழே போளூரிலிருந்து வந்திருந்த அலங்காரக்கார அம்மா அதைச் சூடான இரும்பால் இழுத்து நேராக்கினார். பிறகு அதே முடியை இரும்பில் சுற்றி அலை வைத்தார். மாதிரிக்குக் கைபேசியில் ஒரு படம்: 1940களின் ஹாலிவுட் நடிகை.

"எனக்குத்தான் முன்னாடியே நெளி இருந்திச்சே?" என்றாள் பெண்.

"அது நெளிம்மா. இது ஸ்டைலு."

இந்தப் பதிலைச் சும்மா விட்டுவிட முடியவில்லை. நெளிக்கும் ஸ்டைலுக்கும் நடுவே இருப்பது என்ன?

இயற்கைபோலத் தோற்றம் காட்டும் அந்த மென்மையான அலை உண்மையில் ஓர் உற்பத்திப் பொருள். 1872வாக்கில் பாரிஸில் மார்செல் கிராட்டோ என்ற முடிதிருத்துநர் சூட்டுக் குறடால் அதைச் செய்துகாட்டினார். பிற்பாடு ஈரமுடியை விரலாலும் சீப்பாலும் மடித்துப் படியவைக்கும் முறை பரவியது. கருப்பு வெள்ளை சினிமாவின் விளக்கொளி அந்த மேடுபள்ளங்களில் பட்டு மினுங்கியபோது அது 'நளினம்' என்று பெயர்பெற்றது. டி.ஆர். ராஜகுமாரி காலத்து நம்மூர் ஸ்டூடியோக்களும் அந்த ஒளிமொழியைக் கற்றுக்கொண்டவைதான்.

இந்த நளினத்துக்குள் ஒரு வர்க்கமும் ஒளிந்திருக்கிறது. ஒரு கண்ணை மறைத்துத் தொங்கும் அலைமுடியால் புகழ்பெற்றவர் வெரோனிகா லேக். போர்க்காலத் தொழிற்சாலைகளில் அவரைப் பார்த்து முடிவிட்ட பெண்களுக்கு எந்திரத்தில் சிக்கும் ஆபத்து. 1943இல் அமெரிக்க அரசு கேட்டுக்கொண்டபடி அவர் முடியைத் தூக்கிக் கட்ட வேண்டிவந்தது. ஆக, விரிந்த அலை என்பது வேலை செய்யாத உடம்பின் அடையாளம். சாமைக் காட்டில் குனிந்து நிமிரும் பெண் இறுக்கி முடிந்துகொள்வதை ரசனைக் குறைவு என்று வாசிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு ஆவணக்கிடங்கும் உண்டு. எட்கர் தர்ஸ்டன் ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் மலையாளிகளுக்கும் இடமுண்டு. அந்தக் காலத்து மானிடவியல் முடியை நேர், நெளி, சுருள் என்று பிரித்து இனம் கண்டது. நடிகையின் தலையில் அழகாக இருந்த நெளி, மலைப்பெண்ணின் தலையில் இன அடையாளமாகிவிட்டது. 'அது நெளி, இது ஸ்டைலு' என்று அந்த அம்மா சொன்னதும் அறியாமலே இந்தப் பாகுபாட்டைத்தான்.

இப்படிச் சொல்வதால், மலைப்பெண் 'இயற்கையாக' இருந்தால் போதும் என்று தீர்ப்பளிக்க எனக்கு உரிமையில்லை. அதுவும் கீழ்நாட்டுப் பார்வைதான். அலை வைத்த தலையோடு அவள் சந்தோஷமாகவே இருந்தாள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. என் கேள்வி வேறு: எது ஸ்டைல் என்று பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

மறுநாள் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாள். ஈரத்தில் பழைய நெளி திரும்பியிருந்தது. கைபேசியை என்னிடம் நீட்டி, "அக்கா, இப்பவும் ஒண்ணு எடுங்க" என்றாள்.