முகத்தின் முன் அறிவுரை: டாக்டர் லாராவின் தொலைக்காட்சித் தோல்வி

அமெரிக்க வானொலியில் 1990களில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த லாரா ஷ்லெஸிங்கர் 2000 செப்டம்பர் 11 அன்று பகல்நேரத் தொலைக்காட்சிக்கு வந்தார். பாரமவுண்ட் நிறுவனம் தயாரித்த அந்த உரையாடல் நிகழ்ச்சி ஒரே பருவத்தோடு முடிந்துபோயிற்று. 2001 மார்ச்சில் அதைக் கைவிடும் முடிவு வெளிவந்தது. அதன்பின் சில மாதங்கள் பழைய பகுதிகளே ஓடின. இந்தச் சரிவுக்கு இரு விளக்கங்கள் நிலைபெற்றுவிட்டன. எதிர்த்துப் போராடியோர் தம் புறக்கணிப்பின் வெற்றி என்பர். ஆதரவாளரோ, ஒழுக்கம் பேசிய ஒருவரின் வாயை அடைத்துவிட்டார்கள் என்பர். இரு சாராரும் ஒரு செய்தியில் உடன்படுகின்றனர்: நிகழ்ச்சியை வீழ்த்தியது வெளியிலிருந்து வந்த ஒன்று. இதை நம்மால் முழுமையாக ஏற்க இயலவில்லை.

வானொலியில் அவர் செய்ததை முதலில் எண்ணிப் பார்ப்போம். யாரோ ஒருவர் தொலைபேசியில் அழைக்கிறார். முதற்பெயரைத் தவிர அவரைப் பற்றி நாம் அறிவது ஏதுமில்லை. அவர் தம் இக்கட்டை விவரிக்கத் தொடங்கிய சில வினாடிகளில் லாரா குறுக்கிடுகிறார், சுற்றி வளைக்காமல் கேள்வியைக் கேட்கச் சொல்கிறார், தீர்ப்பு வழங்குகிறார், அடுத்தவர் வருகிறார். கடுமைதான் அந்த நிகழ்ச்சியின் சுவை. அதை அழைத்தவரால் தாங்க முடிந்ததற்குக் காரணம் அவர் மறைந்திருந்ததே. ஊரும் உறவும் அறியாத நிலையில் ஒருவர் திட்டு வாங்கினால், அது அவருக்குப் பயன்பட்டாலும் படலாம். நஸீஹத்தைத் தனிமையில் சொல்ல வேண்டும் என்று பெரியோர் வலியுறுத்தியதை அறிந்த நம் வாசகருக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

அவருடைய 'டாக்டர்' பட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உடலியங்கியலில் பெற்ற பட்டம் அது. ஆய்வுப்பொருள், எலியின் கொழுப்பு உயிரணுக்களில் இன்சுலினின் விளைவு. குடும்ப ஆலோசனையில் அவர் பின்னர் தனியாகப் பயிற்சி பெற்றார் என்பது உண்மை. ஆனால் ஓரினச் சேர்க்கையாளரைக் குறித்து 'உயிரியல் பிழை' என்று வானொலியில் அவர் சொன்னபோது, கேட்டவர் காதில் அது ஒரு மருத்துவரின் முடிவாகவே விழுந்திருக்கும். சமய நம்பிக்கையிலிருந்து பேசுபவர் அதை நம்பிக்கை என்றே சொல்லியிருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தின் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு சொன்னது நேர்மையன்று. கனடாவின் ஒலிபரப்பு நெறிமுறைக் குழு 2000 மேயில் அந்தப் பேச்சு நெறிகளை மீறியதென முடிவு செய்தது. அதே மாதம் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு விளம்பரம் தருவதிலிருந்து பின்வாங்கியது.

பாரமவுண்ட் அவரைத் தேடிப் போனதற்கும் ஒரு பின்னணி உண்டு. ஃபில் டோனஹ்யூ 1967இல் ஒஹையோவின் டேட்டன் நகரில் தொடங்கிவைத்து, ஓப்ரா வின்ஃப்ரே 1986இல் நாடு முழுவதற்கும் கொண்டுசென்ற உரையாடல் வடிவம், 1990களில் பிறர் வீட்டு அவலங்களை விற்கும் சந்தையாகச் சிதைந்திருந்தது. 1995இல் ஒரு நிகழ்ச்சியின் ஒளிப்பதிவில் எதிர்பாராத வகையில் நாணவைக்கப்பட்ட இளைஞர், சில நாட்களில் சக விருந்தினரைச் சுட்டுக் கொன்றார். அதே ஆண்டு வில்லியம் பென்னட்டும் செனட்டர் ஜோசப் லீபர்மனும் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு எதிராக இயக்கம் தொடங்கினர். சேற்றில் புரண்ட சந்தைக்குத் தூய சரக்கொன்று தேவைப்பட்டது. ஒழுக்கம் பேசும் லாரா பொருத்தமானவராகத் தோன்றினார்.

சரக்கை மாற்றினார்கள், கடையை மாற்றவில்லை. பகல்நேர அரங்கிற்கு நாள்தோறும் முகங்கள் வேண்டும்: அழும் முகம், வெட்கும் முகம், கைதட்டும் முகங்கள். முகத்தின் முன் வானொலிக் கடுமை கொடுமையாகத் தெரியும். ஆகவே அவர் தணிந்து பேசினார். தணிந்தவுடன் அவரிடம் எஞ்சியது வேறு பத்துப் பேரும் பேசக்கூடிய பொதுப்பேச்சே. பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது ஓப்ராவின் திறன். குறுக்கிடுவதையே கலையாக்கிய ஒருவரிடம் அதை எதிர்பார்ப்பது, வாளைக் கொடுத்து நெல் தூற்றச் சொல்வதற்கு ஒப்பாகும்.

முகங்களுக்கான அந்தப் பசி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு முதல் மாதமே சான்றானது. மாணவர் முறைகேடு பற்றிய பகுதியில் கல்லூரி மாணவியாகத் தோன்றிய பெண், மறுநாள் கூந்தலும் ஒப்பனையும் மாறி, மணமாகாமல் காதலருடன் வாழ்பவராக வந்தமர்ந்தார். அவர் நிகழ்ச்சியின் ஊழியர்! அமெரிக்காவுக்கு வாய்மையைக் கற்பிக்க வந்த மேடையில், முறைகேட்டைக் கண்டிக்கும் பகுதியிலேயே இது நடந்தது. எதிரிகள் எவரும் இட்ட பொறியன்று இது.

புறக்கணிப்பு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. விளம்பரதாரர் விலகியது பெரிய அடி. 2000 அக்டோபரில் வெரைட்டி இதழில் அவர் வெளியிட்ட முழுப்பக்க வருத்த அறிக்கையும் அதைத் தடுக்கவில்லை. ஆயினும் இவ்வகை நிகழ்ச்சிகள் விற்கப்படும் முறையை நோக்க வேண்டும். ஒரே அலைவரிசை நாடு முழுதும் ஒளிபரப்புவதில்லை. ஊருக்கு ஊர் நிலையங்கள் தனித்தனியே வாங்குகின்றன. எந்த நேரத்தில் போடுவதென்பதும் பெரும்பாலும் நிலையத்தாரின் விருப்பம். பார்வையாளர் திரண்டிருந்தால், விளம்பரத்தில் சற்று நட்டம் வந்தாலும் பொறுத்திருப்பார்கள். திரளவில்லை. சில மாதங்களுக்குள் பல பெருநகர நிலையங்கள் அதைப் பின்னிரவுக்குத் தள்ளின. இல்லத்தரசியருக்காகச் சமைத்த உணவு ஊர் உறங்கிய பின் பரிமாறப்பட்டது.

அவருடைய வானொலியும் அதே எதிர்ப்பைச் சந்தித்தது, விளம்பரங்களையும் இழந்தது. ஆயினும் தொலைக்காட்சி ஓய்ந்த பிறகு மேலும் ஒன்பது ஆண்டுகள் பொது நிலையங்களில் ஒலித்துக்கொண்டிருந்தது. 2010 ஆகஸ்டில், கணவரின் நண்பர்களுடைய இனவெறிப் பேச்சால் புண்பட்டு அழைத்த ஒரு கறுப்பினப் பெண்ணிடம், கறுப்பினத்தவரை இழிக்கும் சொல்லை அவர் மீண்டும் மீண்டும் உச்சரித்தார். அவ்வாண்டின் இறுதியில் பொது வானொலியை விட்டு விலகி, கட்டணம் செலுத்துவோர் மட்டும் கேட்கும் சிரியஸ் எக்ஸ்எம் செயற்கைக்கோள் வானொலிக்குச் சென்றார்.