பாட்டா, வாயசைப்பா? பீட் காலப் படப்பதிவுகள்

1960களில் பிரிட்டனின் பீட் இசைக் குழுக்களைப் படம்பிடித்த சுருள்களைத் தரம் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: மேடையில் இருப்பவர்கள் உண்மையிலேயே பாடுகிறார்களா, வாயசைக்கிறார்களா?

வாயசைப்புதான் அன்றைய பெருவழக்கு. 1964 ஜனவரி 1 அன்று மான்செஸ்டரில், ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் பிபிசி தொடங்கிய 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் இசைத்தட்டு ஓடும், குழுவினர் அதற்கேற்ப உதடசைப்பார்கள். இசைக் கலைஞர் சங்கத்தின் எதிர்ப்பால் 1966இல் இதற்குத் தடை வந்தது. 1965இல் வெளியான 'பாப் கியர்' படத்திலும் பெரும்பாலும் இதே பாணிதான். கறுப்பு வெள்ளைக் காலத்தில் அனிமல்ஸ் குழுவை வண்ணத்தில் காட்டியதற்காக அதை வைத்துக்கொள்ளலாம்; இசைக்காக அல்ல.

நேரிசைப் பாணியின் தலைமைச் சான்று, 1962 ஆகஸ்ட் 22 அன்று லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் கிரானடா தொலைக்காட்சி எடுத்த பதிவு. செங்கல் வளைவுகளுக்கடியில் பீட்டில்ஸ் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ரிங்கோ ஸ்டார் குழுவில் சேர்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. பாட்டு முடிந்ததும், நீக்கப்பட்ட டிரம்மர் பீட் பெஸ்ட்தான் வேண்டும் என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுகிறது. படம் மங்கல், ஒலி கரகரப்பு. ஆனாலும் அந்த அறையின் புழுக்கமும் மனத்தாங்கலும் அப்படியே பதிவாகியிருக்கின்றன. எந்த ஸ்டூடியோவாலும் இதைச் செய்திருக்க முடியாது.

'ரெடி ஸ்டெடி கோ!' நிகழ்ச்சி 1965 ஏப்ரலில் வாயசைப்பைக் கைவிட்டு நேரிசைக்கு மாறியது. நடனமாடும் இளைஞர்களுக்கு நடுவே காமிரா புகுந்து புறப்பட்டது. அதன் நாடாக்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது பேரிழப்பு. எஞ்சியவற்றின் உரிமையைப் பின்னாளில் விலைக்கு வாங்கியவர், டேவ் கிளார்க் ஃபைவ் குழுவை நடத்திய டேவ் கிளார்க்.

நேரடி நிகழ்ச்சி என்ற பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே அரங்கில் 55,000க்கு மேற்பட்டோர் முன் பீட்டில்ஸ் பாடியதைப் படமாக்கினார்கள். ரசிகர்களின் கூச்சலில் இசை அமுங்கிப்போனதால், 1966 ஜனவரியில் லண்டன் ஸ்டூடியோவில் பல பகுதிகளை மீண்டும் வாசித்துச் சேர்த்தார்கள். ரிங்கோ பாடிய பாட்டுக்கு இசைத்தட்டையே ஒட்டிவிட்டார்கள். கூட்டத்தைப் பார்க்க அருமையான படம். குழுவின் வாசிப்புக்குச் சாட்சி ஆகாது.

அதற்கு நேரெதிர், 1964 அக்டோபரில் கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்காவில் எடுத்த 'டாமி ஷோ'. ஜேம்ஸ் பிரவுன் அரங்கையே அதிரவைத்துவிட்டு இறங்கிய பிறகு ரோலிங் ஸ்டோன்ஸ் ஏற வேண்டியிருந்தது. மிக் ஜாகரின் ஆட்டத்தில் அந்தப் பதற்றம் தெரிகிறது. அதைத் தாண்டி அவர்கள் எழுவதும் தெரிகிறது. பீட் குழுக்களின் மேடைத்திறனை அறிய விரும்பும் வாசகர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.