சிறுகுறிஞ்சான் கணையத்தைப் புதுப்பிக்குதா?

கோயம்புத்தூர்ல நாட்டுமருந்துக் கடையில் சர்க்கரைக்கு என்று கேட்டால் முதலில் எடுத்து வைப்பது சிறுகுறிஞ்சான் பொடியாகத்தான் இருக்கும். இலையை மென்றுவிட்டு வெல்லத்தை வாயில் போட்டுப் பாருங்க, இனிப்பே தெரியாது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் சண்டை கூடவே வரும் இன்னொரு பேச்சோடு: இது செத்துப்போன பீட்டா செல்களை மறுபடி முளைக்க வைக்கும், ஆராய்ச்சியே சொல்லியிருக்கு என்பது.

அந்த ஆராய்ச்சி நம்ம ஊர்க்காரங்க செய்ததுதான். 1990ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சண்முகசுந்தரம் குழு வெளியிட்ட கட்டுரைகள். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் கொடுத்துச் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளில், இலைச்சாறு கொடுத்த பிறகு பீட்டா செல்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கானது என்றார்கள். ஆனால் "இருக்கலாம்" என்ற தயக்கம் கட்டுரைத் தலைப்பிலேயே உண்டு. பொடிப் பாக்கெட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்தச் சொல் உதிர்ந்துவிட்டது.

மனிதர்களிடம் செய்த ஆய்வில் இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேர், ஜிஎஸ்4 என்ற சாறு தினம் 400 மில்லிகிராம், 18 முதல் 20 மாதம். 5 பேர் வழக்கமான மாத்திரையை நிறுத்த முடிந்தது. நல்ல சேதிதான். ஆனால் குலுக்கல் முறையில் பிரித்து, போலி மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வு அல்ல அது.

இதே ஜிஎஸ்4ஐ 1999ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஷாந்தா பெர்சாட் குழு பீட்டா செல்கள் மேல் நேரடியாக விட்டுப் பார்த்தது. இன்சுலின் வெளியே வந்தது. ஆனா எப்படி வந்தது என்பதுதான் விஷயம். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாத்திரைகள் செல்லின் பொட்டாசியம் வாசலை அடைக்கும். அதனால் கால்சியம் உள்ளே வரும். சேர்த்து வைத்த இன்சுலின் முறைப்படி வெளியேறும். மடையைத் திறந்து தண்ணி விடுற மாதிரி. ஜிஎஸ்4 பட்ட செல்களோ, உயிருள்ள செல் உள்ளே விடாத நீலச் சாயத்தை உள்ளே விட்டன. கரை உடைஞ்சு தண்ணி போனால் அதற்குப் பெயர் பாசனம் இல்லைங்க.

இதை வைத்து மூலிகையையே தூக்கி எறியவும் முடியாது. ஆய்வகத் தட்டில் செல்லுக்குக் கிடைத்த அளவு சாறு, வயிறு, ஈரல் எல்லாம் தாண்டி கணையத்துக்குப் போகும் என்று சொல்ல முடியாது. அதே லண்டன் குழுவே பிறகு ஓஎஸ்ஏ என்ற வேறொரு சாறு, குறைந்த செறிவில் செல்லைக் கெடுக்காமல் இன்சுலினைச் சுரக்க வைத்ததாக எழுதியது. 2010ல் ஒரு சிறு நோயாளிக் குழுவில், இன்சுலினோடு சி-பெப்டைடும் கூடியதாகக் காட்டினார்கள். சாறுக்குச் சாறு கதை மாறுது. கடைப் பொடி இதில் எந்தச் சாறு?

இன்னொரு குழப்பம்: இன்சுலின் சுரப்பு கூடினால் பீட்டா செல் புதிதாகப் பிறந்ததாக அர்த்தமில்லை. இருக்கிற இருப்பு வெளியே வந்திருக்கலாம். கிளிமிபிரைடு தினமும் அதைத்தான் செய்யுது. அதைக் கணையத்தைப் புதுப்பிக்கும் மருந்து என்று யாரும் சொல்வதில்லை.

இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. முதல் வகைச் சர்க்கரை உள்ள குழந்தைக்குக் கணையம் முளைச்சிரும் என்று நம்பி ஊசியை நிறுத்தினால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து. 1990ன் முதல் வகை ஆய்வில்கூட இன்சுலினோடு சேர்த்துத்தான் சாறு கொடுத்தார்கள். தேவைப்படும் அளவுதான் குறைந்தது. மறுபக்கம், கிளிமிபிரைடு சாப்பிடும் பெரியவர் டாக்டரிடம் சொல்லாமல் பொடியும் சேர்த்தால் சர்க்கரை ரொம்பவே இறங்கிப் போகலாம். பொடி சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்காதீங்க. ஊசியை மட்டும் நீங்களாக நிறுத்தாதீங்க.