எந்திரன் திரைக்கதையில் குற்றமும் பொறுப்பும்

முன்னுரை

அறிவியல் புனைவுகளில் தலைமை மாந்தர், எதிர்நிலை மாந்தர் என்னும் பகுப்பு பெரும்பாலும் வெளிப்படையாக அமைகிறது. ஷங்கர் இயக்கத்தில் 2010ஆம் ஆண்டு வெளிவந்த எந்திரன் இப்பகுப்பைச் சிக்கலாக்குகிறது. விஞ்ஞானி வசீகரன், அவர் படைத்த சிட்டி என்னும் இயந்திரம் ஆகிய இரு பாத்திரங்களையும் ரஜினிகாந்தே ஏற்றுள்ளார். காப்பதும் அழிப்பதும் ஒரே முகமாகிறது. சிட்டி விளைத்த அழிவுக்குப் பொறுப்பாளர் யார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எதிர்நிலை மாந்தரின் வினா

சிட்டியைப் படைக்கு அளிப்பதே வசீகரனின் நோக்கம். மதிப்பீட்டின்போது அவருடைய ஆசிரியர் போரா, வசீகரனைக் குத்துமாறு சிட்டிக்கு ஆணையிடுகிறார்; சிட்டியும் முற்படுகிறது. நன்மை தீமை அறியாத இயந்திரம் எவர் கையிலும் கருவியாகும் என்பதை இது காட்டுகிறது. போரா பொறாமை கொண்டவர். தீவிரவாதிகளுக்கு இயந்திரங்கள் செய்துதர முயல்பவர். எனினும் அவர் எழுப்பும் ஐயம் நியாயமானது. தொடர்ந்து நிகழும் தீ விபத்து அதனை உறுதிப்படுத்துகிறது. குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி ஆடையின்றியே பலர் முன் தூக்கி வருகிறது. நாணம் தாளாமல் ஓடும் அப்பெண் வாகனம் மோதி இறக்கிறாள். இங்குத் தீய எண்ணம் கொண்டவர் எவருமிலர். ஆயினும் ஓர் உயிர் பறிபோகிறது.

சிவப்புச் சில்லு

பின்னர் வசீகரன் சிட்டிக்கு உணர்வுகளை ஊட்டுகிறார். வசீகரனின் காதலி சனாவைச் சிட்டி விரும்புகிறது. படையினர் முன்னிலையில் நிகழும் செயல்விளக்கத்தை வேண்டுமென்றே குலைக்கிறது. சினமுற்ற வசீகரன் அதனை வெட்டிச் சிதைத்துக் குப்பையில் எறியச் செய்கிறார். அச்சிதைவுகளை மீட்கும் போரா, அழிவைத் தூண்டும் சிவப்புச் சில்லை அதனுள் பொருத்துகிறார்.

தீமை முழுவதையும் கதை இச்சில்லில் குவிக்கிறது. சில்லை அகற்றியதும் சிட்டி நல்லதாகிவிடுகிறது. இதனால் பார்வையாளர் தம் அன்புக்குரிய நாயகனை வெறுக்க நேர்வதில்லை. ஆனால் நிகழ்ச்சிகளின் வரிசை வேறொன்றை உணர்த்துகிறது. பிறர்க்குரியவளை விரும்புதல், கீழ்ப்படிய மறுத்தல், படைத்தவரின் வன்முறை ஆகியன அனைத்தும் சில்லுக்கு முன்பே நிகழ்ந்துவிடுகின்றன. உணர்வை அளித்த வசீகரன், உணர்வுடைய ஒன்றிடம் கருவிக்குரிய பணிவையே எதிர்பார்க்கிறார். 1818இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் புதினத்திலும் படைத்தவர் தம் படைப்பைக் கைவிடுகிறார். அழிவு அங்கிருந்தே தொடங்குகிறது.

தீர்ப்பின் முரண்

நீதிமன்றத்தில் போரா சில்லைப் பொருத்திய காட்சிப்பதிவைச் சிட்டியே சான்றாக அளிக்கிறது. வசீகரன் விடுவிக்கப்படுகிறார், சிட்டியைப் பிரித்துப்போட ஆணை பிறக்கிறது. குற்றம் சில்லினுடையது எனின், அது அகற்றப்பட்ட பின் சிட்டிக்குத் தண்டனை எதற்கு? குற்றம் சிட்டியுடையது எனின், சில்லைக் காரணமாக்கி வசீகரனை விடுவித்தது எவ்வாறு பொருந்தும்? தீ விபத்தில் இறந்த பெண்ணைப் பற்றியோ, வசீகரன் சிட்டியை வெட்டி எறிந்ததைப் பற்றியோ நீதிமன்றம் வினவவில்லை. உண்மையை உரைத்த சிட்டியே தன் கைகளால் தன்னைப் பிரித்துக்கொள்கிறது.

முடிவுரை

2030இல் அருங்காட்சியகத்தில் பிரிந்து கிடக்கும் சிட்டி, தான் சிந்திக்கத் தொடங்கியதே இந்நிலைக்குக் காரணம் என ஒரு மாணவிக்கு விடையளிக்கிறது. தொல்காப்பிய மரபியல் மனத்தையே ஆறாம் அறிவாகக் கொண்டு மனிதரைப் பிற உயிர்களினின்று வேறுபடுத்துகிறது. அவ்வறிவு வாய்த்ததையே குற்றமாகக் கருதும் இம்முடிவில் படைத்தவரின் பொறுப்பு மறைந்துவிடுகிறது. போராவைக் கொடியவராகக் காட்டுவதனால் வசீகரன் குற்றமற்றவராகிவிடுவதில்லை. தலைமை மாந்தரின் அறத்தை எதிர்நிலை மாந்தரின் தீமையைக் கொண்டு அளப்பது போதாது. அவர்தம் செயல்களைக் கொண்டே அளத்தல் வேண்டும்.