யவீருவின் மகளும் நமது பிரசங்க மேடையும்

பெண்கள் ஞாயிறு ஆராதனைக்கென இறுதியாண்டு மாணவர் எழுதித் தரும் பிரசங்கங்களைத் திருத்தும் பொறுப்பு ஆண்டுதோறும் என்னைச் சேருகிறது. இவ்வாண்டு வந்தவை பதினான்கு. மொழிநடையில் பெருங்குறை கூறுவதற்கில்லை. வேதபாகத்தை மூன்று தலைப்புகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உவமை தேடிவைக்கும் பழக்கம் நன்றாகவே கைவந்திருக்கிறது. ஆயினும் பதினான்கையும் ஒருசேர வாசித்து முடித்தபோது மனம் சங்கடப்பட்டது. இளம்பெண் ஒருத்தி வருகின்ற வேதபாகம் எதுவாயினும், பிரசங்கத்தின் முடிவில் புத்திமதி பெறுகிறவள் அவளே. அவள் அடக்கமாயிருக்க வேண்டும், பொறுமையாயிருக்க வேண்டும், விசுவாசத்தில் உறுதியாயிருக்க வேண்டும். அவளைச் சூழ்ந்து நிற்கும் தந்தைக்கும் தமையனுக்கும் அரசனுக்கும் சொல்வதற்கு நம் மாணவரிடம் யாதொன்றும் இல்லை. வேதபாகமோ பெரும்பாலும் அவர்களை நோக்கியே பேசிக்கொண்டிருக்கிறது. மாணவியர் இருவர் எழுதியவையும் இதற்கு விலக்கல்ல. அவர்களுக்குக் கற்பித்தவர்கள் நாமாகையால், இங்கு நான் கூறப்போகும் குறையில் முதற்பங்கு நம்முடையது.

சேர்வராயன் மலையை மனத்தில் வைத்தே இதனை எழுதுகிறேன். அம்மலைச் சபைகளில் சில ஆண்டுகள் ஊழியம் செய்தவன் நான். ஏற்காடு என்றதும் சமவெளியிலுள்ளோருக்கு ஏரியும் படகும் கோடைவிழாவும் பெயர்பெற்ற விடுதிப்பள்ளிகளுமே நினைவுக்கு வரும். 1820-இல் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் அங்கே காப்பியைப் பயிராக்கத் தொடங்கிய நாள்முதல் மலையின் வாழ்வு அப்பயிரைச் சுற்றியே சுழன்று வந்திருக்கிறது. ஏறத்தாழ நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிப்புக் காலம். பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். பனியில் நனைந்த செடிகளுக்கிடையே கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு காலைமுதல் நிற்கிற பெண்ணுக்கு ஒதுங்க ஓர் இடமில்லையாயின், அவள் செய்வது ஒன்றே: தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறாள். அதனால் வரும் நீர்க்கடுப்பையும் சிறுநீர்த் தொற்றையும் வெளியே சொல்ல நாணுகிறாள். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவளின் பாதத்தின் வழியே கொக்கிப்புழு உடலுக்குள் ஏறிக் குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சுகிறது. உண்ட உணவிலுள்ள இரும்புச் சத்தையும், உணவோடு குடிக்கும் காப்பியும் தேநீரும் உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. சாமையும் கேழ்வரகும் உண்ட வீடுகளில் இன்று பெரும்பாலும் ரேஷன் அரிசியே வேகிறது.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன மலைப்பெண்ணுக்கு மூன்று வழிகளே தெரிந்தன என்பேன்: காப்பித் தோட்டம், பதினெட்டு நிரம்பாத கலியாணம், சமவெளியின் நூற்பாலை. அம்மூன்றாவது வழிக்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயரிட்டார்கள். மூன்றாண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கையில் கொடுக்கப்படும். அது சீதனத்துக்கு ஆகும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், சேலம் வட்டாரங்களில் இத்திட்டம் பரவியது. பெண்கள் விடுதியை விட்டு வெளியே செல்லவும் பெற்றோரோடு தாராளமாய்ப் பேசவும் தடுக்கப்பட்டதை, 2011-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் ஓர் அறிக்கையில் வெளிப்படுத்தின. பாதியில் உடல் நலிந்து வீடு திரும்பியவளுக்கு மொத்தத் தொகை கிட்டாமற்போவதும் உண்டு. சுமங்கலி என்பது கணவன் உயிரோடிருக்கும் பெண்ணைக் குறிக்கும் சொல். மணமாகாத ஒரு பெண்ணின் மூன்றாண்டு உழைப்புக்கு இப்பெயரைச் சூட்டியவர்கள் தமிழை நன்கறிந்தவர்களே. பெற்றோரின் அச்சம் எங்கே இருக்கிறதென்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி வேதபாகத்துக்கு வருவோம். பதினான்கில் ஐந்து பிரசங்கங்கள் மாற்கு 5-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டன. பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கினால் வருந்திய ஒரு பெண்ணும், பன்னிரண்டு வயதான யவீருவின் மகளும் அங்கே வருகின்றனர். ஐந்து பிரசங்கங்களும் முன்னவளை விசுவாசத்துக்கும், பின்னவளை உயிர்த்தெழுதலுக்கும் எடுத்துக்காட்டாக்கி முடிக்கின்றன. அதிகாரத்தின் கடைசி வசனத்தில் ஆண்டவர் அச்சிறுமிக்கு உண்ணக் கொடுக்கும்படி வீட்டாருக்குக் கட்டளையிடுகிறார். ஐவரில் ஒருவரும் அவ்வசனத்தைத் தொடவில்லை. மத்தேயுவும் அதனை விட்டுவிட்டார் என்று அவர்கள் வாதாடலாம், லூக்கா விடவில்லை. மாண்டவள் எழுந்து நடக்கிறாள், கண்டவர்கள் பிரமித்து நிற்கின்றனர், பிள்ளைக்குப் பசிக்குமே என்ற எண்ணம் பெற்றோருக்கும் தோன்றவில்லை. கட்டளை சிறுமிக்கு அன்று. பக்கத்தில் நின்றவர்களுக்கு.

இக்கட்டளை எத்தனை வீடுகளின் கதவைத் தட்ட வேண்டியது என்பதற்கு ஒரு கணக்குண்டு. 2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு அது உண்டு. நம் சபைகளில் கன்னியர் வரிசையில் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருத்தி என்று கொள்ளலாம்.

இவ்விடத்தில் என்னைப் பற்றியும் கூற வேண்டும். மலைச்சபையில் ஒரு பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையின்போது பாடகர் குழுவிலிருந்த பதினேழு வயதுப் பெண் மயங்கி விழுந்தாள். முந்தின நாள் முதல் உபவாசமிருந்தாள் என்றார்கள். உயிர்த்தெழுந்த ஞாயிறு பிரசங்கத்தில் அவளுடைய பக்தியை மெச்சி, சிலுவையடியில் நின்ற பெண்களோடு அவளை ஒப்பிட்டுப் பேசினேன். சபையார் கண்கலங்கினார்கள். சில வாரங்கள் கழித்து, கிராமச் சுகாதாரச் செவிலியர் வழியில் என்னை நிறுத்தி, “ஐயா, அந்தப் பிள்ளைக்கு இரத்தம் ஏழு கிராம்தான் இருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். அவ்வயதுப் பெண்ணுக்குப் பன்னிரண்டு கிராமாவது இருக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லித் தந்தார். நோயை நான் பக்தி என்று வாசித்திருந்தேன். அவளும் அப்படியே நம்பியிருந்தாள் என்பதுதான் இன்றளவும் என்னை உறுத்துகிறது.

திருச்சபை வரலாற்றில் இதற்கு முன்மாதிரி உண்டு. எரோனிமுவின் வழிகாட்டுதலில் கடுந்தவம் மேற்கொண்ட பிளெசில்லா என்னும் இளம் விதவை 384-இல் உரோமையில் இருபது வயதளவில் இறந்தாள். உபவாசமே அவளைக் கொன்றது என்று அடக்கத்துக்கு வந்த மக்கள் முணுமுணுத்ததை, அவளுடைய தாய்க்கு எழுதிய மடலில் எரோனிமுவே குறிப்பிடுகிறார். உபவாசத்தை நான் இகழவில்லை. லெந்து நாள்களில் உபவாசத்தை அறிவிக்கிற போதகர், வளர்கிற பிள்ளைகளுக்கும் பிள்ளை பெறப்போகிறவர்களுக்கும் அது கட்டளையன்று என்பதையும் அதே மூச்சில் அறிவிக்கலாமே என்கிறேன்.

உதிரப்போக்குள்ள பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவர் பலரால் அவள் மிகவும் வருத்தப்பட்டாள் என்று மாற்கு ஒளிக்காமல் எழுத, லூக்கா அதனை மென்மையாக்கிவிடுகிறார். மாற்குவின் கடுமைக்கு இன்று நம்மிடையே விளக்கவுரை கிடைக்கிறது. தமிழகத்து ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலியென்று சொன்ன பெண்களுக்குப் பெயரில்லாத மாத்திரைகள் கொடுத்து இயந்திரத்துக்குத் திருப்பியனுப்பியதை, ஏறக்குறைய நூறு பெண்களிடம் விசாரித்து 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் நிறுவனம் செய்தியாக்கியது. லேவியராகமம் 15-ஐக் காட்டி அவளைத் தீட்டுள்ளவளாக விவரிப்பதில் நம் மாணவர் செலவிடும் நேரம் அதிகம். ஆண்டவரோ தம் ஆடையைத் தொட்டவளைக் கூட்டத்தின் நடுவில் மகள் என்று அழைக்கிறார். தீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. விலக்கு நாள்களில் நற்கருணைக்கு வரலாமா என்று மலைப்பெண்கள் தாழ்ந்த குரலில் கேட்கும்போது, விடை சொல்லத் தயங்குகிற போதகர்களை நான் அறிவேன்.

பாதுகாப்பைப் பற்றி எழுதிய மூவரும் தீனாளையே தெரிந்தெடுத்தனர். அவள் தேசத்துப் பெண்களைப் பார்க்க வெளியே சென்றாள், ஆகையால் கெட்டாள் என்பது அவர்கள் முடிவு. இதுவும் பழைய சரக்கே. யூத ரபிமாரிடமும் எரோனிமுவின் மடல்களிலும் இதே வியாக்கியானம் கிடைக்கிறது. ஆதியாகமம் 34-இல் தீனாள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. செய்தி கேட்ட யாக்கோபு புதல்வர் வருமளவும் வாய் திறப்பதில்லை. பின்பு திறந்தபோதும் தன் பெயர் நாறிப்போயிற்றே என்றுதான் வருந்துகிறான். வெளியே போனதுதான் குற்றம் என்போர் 2 சாமுவேல் 13-ஐயும் வாசிக்க வேண்டும். தாமார் தகப்பன் அனுப்பியபடியே, சகோதரனின் வீட்டுக்கு, நோயாளிக்கு உணவு சமைக்கச் சென்றவள். கீழ்ப்படிதலில் அவளிடம் என்ன குறை? அவள் நியாயம் எடுத்துச் சொன்னாள். பின்பு தலையில் சாம்பலை வாரிப் போட்டுக்கொண்டு ஊரறியக் கதறினாள். அப்சலோம் அவளைச் சும்மாயிருக்கச் சொல்கிறான். தாவீது கோபங்கொள்கிறான், அவ்வளவே. எபிரேய மூலம் அத்துடன் நின்றுவிட, கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு காரணத்தையும் தருகிறது: அம்னோன் தலைமகனானதால் அவன் மனத்தை நோகச்செய்யத் தாவீது விரும்பவில்லை. சாக்கடல் சுருளிலும் இதற்குச் சான்றுள்ளது. இப்பாடபேதத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிற மாணவர் பிரசங்கத்தில் அதனைப் பயன்படுத்துவதில்லை.

2021-இல் திண்டுக்கல் வட்டாரத்தில் ஆடை ஆலைத் தொழிலாளியான ஓர் இளம்பெண் கொலையுண்டாள், மேற்பார்வையாளனே குற்றஞ்சாட்டப்பட்டான். அதன்பின் 2022-இல் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் முன்னின்று, ஆலை நிறுவனத்தோடும் வெளிநாட்டு வணிக நிறுவனத்தோடும் திண்டுக்கல் ஒப்பந்தம் என வழங்கும் உடன்படிக்கையைச் செய்துகொண்டது. அங்கே பெண்களுக்குப் புத்திமதி கூறப்படவில்லை; மேற்பார்வையாளருக்கும் நிர்வாகத்துக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. தாமாரின் அதிகாரத்தை நம்மைவிட அச்சங்கத்தார் சரியாக வாசித்தார்கள் என்பேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் பெண் ஒருவர் தலைமையில் உள்ளகக் குழு வேண்டும் என்று 2013-இல் சட்டம் வந்தது. நமது பள்ளிகளிலும் விடுதிகளிலும் அக்குழுவின் உறுப்பினர் பெயர்ப் பலகை எங்கே தொங்குகிறதென்று வாசகர் தாமே சென்று பார்க்கட்டும். பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்கு நேர்ந்த பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம். அதிலே போதகருக்கு விதிவிலக்கு இல்லை. இரு வீட்டாரையும் குருமனையில் அழைத்து ஜெபித்துச் சமாதானம் பண்ணி வைப்பது அப்சலோம் கொடுத்த ஆலோசனையே.

கடைசியாக உன்னதப்பாட்டு. ஒரே ஒரு மாணவர் இதனைத் துணிந்து எடுத்திருந்தார், அவரைப் பாராட்டுகிறேன். முதலாம் அதிகாரத்தில் பேசுகிற பெண் கறுத்தவள், வெயிலில் கறுத்தவள். சகோதரர் கோபங்கொண்டு அவளைத் திராட்சத்தோட்டங்களுக்குக் காவலாக்கினர். தன் சொந்தத் தோட்டத்தை அவளால் காத்துக்கொள்ள முடியவில்லை. காப்பித் தோட்டத்துப் பெண்ணுக்கு இதைவிட நெருங்கிய வேதபாகம் எது? கறுப்பையும் அழகையும் இணைக்கும் எபிரேய இடைச்சொல் ‘உம்’ என்றும் ‘ஆனால்’ என்றும் பொருள்படக் கூடியது. எழுபதின்மர் ‘உம்’ என்று கொண்டனர். எரோனிமுவின் இலத்தீன் ‘ஆனால்’ என்றது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் கறுப்பை ஒரு குறையாகக் கருதி, அதையும் மீறியே அழகு என்னும் பொருளில் நிற்கிறது. மாணவர் அப்பொருளையே பிடித்துக்கொண்டு, நிறம் கறுத்தாலும் உள்ளம் வெண்மையாயிருக்கட்டும் என்று முடித்துவிட்டார். சிவப்பழகுக் களிம்பு விற்பவரும், நல்ல நிறமுள்ள மணமகள் தேவையென்று நம் சபைப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்வோரும் இதில் குறை காணமாட்டார்கள். தன்னைக் கறுத்தவளென்றும் அழகியென்றும் ஒரே மூச்சில் சொல்லிக்கொள்ளும் பெண்ணை நாம் மேடையேற விடவில்லை.

இவ்வாறெல்லாம் பேசினால் பிரசங்கம் சுகாதாரத் துறையின் அறிவிப்பாகிவிடாதா என்று உடன் ஆசிரியர் ஒருவர் கேட்டார். கடைசி வசனத்தை வாசித்ததற்காக மாற்குவின் அதிகாரம் அற்புதமாயிருப்பதிலிருந்து குறைந்துவிடவில்லை என்று அவருக்குச் சொன்னேன். அவர் திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை.

பதினான்கு பிரசங்கங்களையும் மாணவரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரே கேள்வியை எழுதியிருந்தேன்: இங்கே யாரிடம் பேசப்படுகிறது? ஒன்பதுபேர் மறுபடியும் எழுதித் தந்திருக்கின்றனர். மற்ற ஐவரும், பெண்கள் ஞாயிறுதான் முடிந்துவிட்டதே ஐயா என்கின்றனர்.